தினம் ஒரு சிட்டிகை

பவளம் வளர்க்கும் மீன்தொட்டிக்குள் மறுபடியும் முடி முடியாகப் பச்சைப் பாசி. தொட்டிப் பராமரிப்புக்காரருக்கு இந்த வீட்டுக்கு இது நான்காவது நடை. அலுப்போடு தண்ணீரைச் சோதித்தார்.

"விளக்கு நேரத்தைக் குறைச்சாச்சு, தண்ணியும் மாத்தியாச்சு. அப்புறமும் பாசியை வளர்க்குற பாஸ்பேட் எக்கச்சக்கம். தீனிதான் மிஞ்சி அழுகுது. ஒத்தை மீனுக்கு எவ்வளவு போடுறீங்க?"

"காலையில ஒரு சிட்டிகை," என்றார் கணவர்.

"சாயங்காலம் ஒரு சிட்டிகை," என்றார் மனைவி.

"ஆளு கண்ணுலயே படலையே?"

"பாறைக்குப் பின்னாடி இருப்பான்," என்றார்கள் இருவரும்.

கணவர் துண்டு எடுக்கப் போனதும் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"அவன் செத்து ரெண்டு மாசமாச்சு தம்பி. நான்தான் எடுத்துப் புதைச்சேன். எங்க பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப விட்டுட்டுப் போன மீன். தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார். அதான் தீனியை நிறுத்தலை."

அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் பராமரிப்புக்காரர் வெளியே போனபோது கணவர் பின்னாலேயே வந்தார்.

"அவன் போயிட்டான் தம்பி, எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா தலையே காட்டலை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ஒடைஞ்சு போயிடுவா. அவளுக்காகத்தான் தினம் தீனி போடுறேன்."

பராமரிப்புக்காரர் உள்ளே வந்து, ஈரச் சட்டைக்கையைப் பிழிந்துவிட்டு, தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"இப்பதான் எட்டிப் பார்த்தான். வயசாயிடுச்சு, முன்ன மாதிரி செரிக்காது. இனிமே வாரத்துக்கு ஒரு சிட்டிகை போதும்."

இருவரும் சட்டென்று பாறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.