முதல் வாய்

“உங்க கொள்ளுத்தாத்தா அரண்மனைச் சமையல்காரரே இல்லைங்க!”

“சமையல்கட்டுல வேலைன்னா வேற என்னவாம்? வம்ச வரலாறு தேடுறேன்னு சும்மா—”

“ராஜா சாப்பாட்டுல விஷம் இருக்கான்னு தின்னு பார்க்கிற உத்தியோகம்!”

“இருக்கட்டுமே! மனுஷன் தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாரே!”

“ஏன் இருக்க மாட்டார்? உத்தியோகம்தான் அவருக்கு. முதல் வாய் தின்னது அவர் பொண்டாட்டிங்க. நாலு பேரும் அல்பாயுசு!”

கணவன் அவள் கையிலிருந்த பழைய ஏட்டை வாங்கிப் புரட்டினான்.

மருமகள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகே மற்றவர்கள் தட்டைத் தொடுவது இந்த வீட்டு வழக்கம். இன்றுவரை அதை மரியாதை என்று நம்பிப் பூரித்திருந்தாள் அவள்.

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

“சொத்து வழக்குல நம்மகிட்ட தோத்தானே பங்காளி வீட்டுப் பெரியவன், அவனே சமாதானமாகி விருந்து அனுப்பியிருக்கான்ம்மா. எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்கோம், சீக்கிரம் வா!”