எழுதி முடிக்காத அறை

அவளுடைய கணவர் இறந்த பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் யாரும் தொடவில்லை. டிவியோடு இணைத்து, கேசட்டை ஓடவிட்டு விளையாடும் பேய் விளையாட்டு ஒன்றை அவர் அதில் எழுதியிருந்தார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் பாழடைந்த வீட்டுக்குள் அறை அறையாகப் போகலாம். மாடி அறையை மட்டும் முடிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே ஏறினால், 'இன்னும் எழுதவில்லை' என்று திரை சொல்லும்.

ஞாயிறு மத்தியானம் மகள் ஒற்றைக் காலில் நின்றதால் அவள் கேசட்டைப் போட்டாள். மகள் பக்கத்து நாற்காலியில் மண்டியிட்டுக்கொண்டாள். அம்மா 'மாடிக்குப் போ' என்று தட்டினாள்.

'மாடி அறை. உன் கணவர் சுவரைப் பார்த்து நிற்கிறார்.'

அவள் 'வெளியே வாங்க' என்று தட்டினாள்.

'ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். பெயர்?'

"என்னம்மா கேக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அணைச்சிடலாம்."

பிளக்கைப் பிடுங்க அவள் மேசைக்கடியில் குனிந்தாள்.

"கடைசியில 'பெயர்'னு இருக்கே, பேருதானே கேக்குது? எனக்குத்தான் அடிக்கத் தெரியுமே!"

தலைக்குமேல் விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. அவள் பதறிப்போய் ஒயரை இழுத்தாள்.

நிமிர்ந்தபோது திரை இருண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

சமையலறையில் யாரோ தண்ணீர் மொண்டு குடித்தார்கள். வந்ததும் வராததுமாகத் தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம்.