ஆனி முப்பத்திரண்டு

“பெட்டியை இறக்க வேண்டாம். டிக்கியிலேயே கிடக்கட்டும்” என்றார் நம்பிராஜன்.

மெக்கானிக் யாக்கூப் கையை எடுத்துக்கொண்டார். பழைய வெள்ளைக் காரின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. பட்டறை வாசலை மறித்து நாற்காலியைப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் நம்பிராஜன்.

உள்ளே ஒரு டயரின் மேல் அவர் மகள் யோகலட்சுமி. கல்யாணமாகி ஏழு மாதம். புருஷன் தேவா அடித்த தடம் தெரியாமல் ரவிக்கையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டிருந்தாள்.

“அப்பா, நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடி முடிய இருந்துட்டுப் போறேனே.”

“இன்னைக்கு ஆனி முப்பத்திரண்டு. விளக்கு வைக்கதுக்குள்ள கொண்டாந்து விடுதேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லியாச்சு.”

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த வீட்டில் எதையும் இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் புதுப்பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் பழக்கமும் இல்லை. நடுவே இருந்தது இந்த ஒரு மாலைதான்.

யாக்கூப் பின் ஆக்சிலை உருவி எடுத்தார். பேரிங்கை விரலால் சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் சுழன்றது.

“அண்ணாச்சி, பேரிங் நல்லாத்தான் இருக்கு. ஆயில் சீல்லயும் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. அப்படியே மாட்டிருதேன். அஞ்சு மணிக்கெல்லாம் பாளையங்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிரலாம்.”

யோகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பின் சக்கரத்துல உம்முன்னு சத்தம் கேட்டது எனக்கா, உமக்கா? பொண்ணைக் கொண்டு விடப் போற வண்டி. நடுரோட்டுல நின்னா ஊரு சிரிக்கும்வே. ரெண்டு பக்கமும் மாத்தும்.”

“மாத்தணும்னா பேரிங்கைப் பிடிச்சிருக்க காலரை உளி வச்சு வெட்டணும். வெட்டிட்டா பழசு குப்பைக்குத்தான். புதுசு ஏத்துத வரைக்கும் வண்டி நகராது, பாத்துக்கிடுங்க.”

“வெட்டும்.”

உளி இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் குலுங்கியது.

நாலரை மணிக்கு நம்பிராஜனின் போன் அடித்தது. தேவா கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது.

“வாரீங்களா, இல்லையா? நான் வந்து கூட்டிட்டுப் போற ஆளு இல்லை மாமா. ஒரு வாடகைக் காரைப் பிடிச்சு ஏத்தி விடுங்க.”

“எங்க வீட்டுப் பொண்ணு வாடகைக் கார்ல வந்து எறங்குனா உங்களுக்கும் கவுரவம் இல்லை மாப்பிள்ளை. வண்டி பிரிச்சுக் கெடக்கு. புது பேரிங் திருநெல்வேலியில இருந்து வரணும். வந்துட்டா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்.”

நம்பிராஜன் பொய் பேசி அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. தேவா போனை வைத்தான்.

வாசலை மறித்திருந்த அப்பாவின் தோளைத் தாண்டி யோகலட்சுமி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் சாரலில் நனைந்து ஊர்ந்தன. பட்டறை முன்னால் ஒரு பைக் நின்றால், பேரிங் வந்துவிட்டது என்று டயரை விட்டு எழுந்துவிடுவாள். நின்ற பைக்குகள் எல்லாம் கிளம்பிப் போயின.

ஐந்தரைக்கு யாக்கூப் இரண்டு காலரையும் வெட்டி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஓர் அட்டை டப்பாவை எடுத்து, குழப்பத்தோடு வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, போன்ல அப்படிச் சொன்னீங்க? நேத்து நீங்க வாங்கித் தந்த பேரிங்கும் சீலும் இங்கனதான இருக்கு. மாட்டிரவா?”

நம்பிராஜன் நாற்காலியை விட்டு எழுந்தார். டிக்கியைத் திறந்து, மகளின் பெட்டியைத் தம் கையாலேயே இறக்கி அவள் காலடியில் வைத்தார்.

“ஆடி பொறக்கட்டும், யாக்கூபு.”