சாவி கொடுத்தது யார்?

"இந்த எலும்புக்கு ஆறரைக் கோடி வயசா? பக்கத்துல உக்காந்து எண்ணிப் பாத்தியா?"

அருங்காட்சியகத்தின் டைனோசர் கூடத்தில் அந்தப் பெரியவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். கூட்டம் வழிகாட்டிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது.

"எண்ணலை சார். அது கிடைச்ச இடத்துப் பாறையை வச்சுச் சொல்றாங்க."

"உலகம் உண்டாகியே ஆறாயிரம் வருஷம்தான். பைபிள்ல இருக்கு. பாறைக்கு வாய் இருக்கா, வயசு சொல்ல?"

யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"பாறைக்குள்ள கடிகாரம் மாதிரி ஒண்ணு ஓடிட்டே இருக்கு சார்."

"அதுக்கு யாரு சாவி கொடுத்தா?"

அதற்குள் காவலாளி வந்து பெரியவரின் தோளைப் பிடித்தார். "வாராவாரம் உம்மோட இதே ரோதனை! நடங்க வெளியே."

"விடுங்கண்ணே அவரை!" அவள் கத்தியதில் கூடமே அடங்கிப்போனது.

"இனிமே இவரை உள்ளே விடாதேன்னு மேனேஜர் சொல்லிட்டாரும்மா. உன் உயிரை வாங்கறவருக்கு நீயே பரிஞ்சு பேசறியே?"

அவள் கண்கள் நிறைந்தன.

"இந்த வேலையில சேர்ந்த அன்னிக்கே அப்பா வீட்டுல என்கூடப் பேசறதை நிறுத்திட்டாருண்ணே. இங்க வந்தாத்தான் பேசறாரு."

காவலாளியின் கை தானாக நழுவியது.

பெரியவர் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். மகளைப் பார்க்காமல், எலும்பையே முறைத்தபடி கேட்டார்.

"சாவி கொடுத்தது யாருன்னு கேட்டேன். பதிலைக் காணோமே, பாப்பா?"