மஞ்சள் மூடி

"அக்கா, ஓடி வாங்களேன்! கட்டி பாதியாச் சுருங்கிடுச்சு!"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சிட்டு கத்தினாள். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான். அதற்குள் எல்லோருக்கும் செல்லம்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாக அங்கே பழம் தின்று கொட்டை போட்டவள் அவள்.

இருவருக்கும் ஒரே வேலை. நோயாளிகளிடம் எடுத்த புற்றுத் துணுக்கைத் தட்டில் கடுகளவுக் கட்டியாக வளர்க்க வேண்டும். ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் தரும் குழாயிலுள்ள ரத்த வெள்ளை அணுக்களை அதன்மேல் விட்டு, தினமும் அளந்து எழுத வேண்டும். சிட்டுவுக்கு நீல மூடிக் குழாய், அக்காவுக்கு மஞ்சள். எதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

பன்னிரண்டு நாளாகியும் அக்காவின் கட்டி அசையவில்லை. அன்று காலை அளந்தது தொள்ளாயிரம் மைக்ரான். கொஞ்சம் வளர்ந்துகூட இருந்தது.

"உங்களது எப்படிக்கா?"

"எனக்கென்ன? நல்லாவே சுருங்குது."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்துவிட்டதே! சிட்டுவின் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஐந்நூற்றுப் பத்து.

தன் நோட்டில் நானூற்று எண்பது என்று எழுதினாள். முந்தைய நாட்களையும் அதற்கேற்பத் திருத்தினாள். நேத்து வந்தவளைவிட முப்பது குறைவு! மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் மேடம் இருவரையும் அறைக்கு அழைத்தார். சிட்டுவின் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இப்ப சொல்லிடறேன். நீல மூடியில இருந்தது, புற்றைக் கொல்ற மாதிரி நாம மாத்தின அணு. மஞ்சள்ல சும்மா சாதா அணு. அது கட்டியை ஒண்ணும் பண்ணாது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் நோயாளிக்குக் குடுக்கலாமான்னு முடிவு பண்ணணும்."

சிட்டு சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மஞ்சளை யார்கிட்ட குடுக்கிறதுன்னு ரொம்ப யோசிச்சேம்மா," என்றார் மேடம் அக்காவிடம். "பக்கத்துல இருக்கறவளுக்குச் சுருங்குறதைப் பாத்துக்கிட்டே, எனக்கு ஒண்ணும் நடக்கலைன்னு எழுத ஒரு தைரியம் வேணும். அது இங்க உனக்கு மட்டும்தான் இருக்கு."

பிறகு கையை நீட்டினார்.

"எங்கே, உன் நோட்டைக் குடு."