எல்லாம் பாப்பாவுக்குத்தான்

"பாப்பா இடிச்சிக்குவாண்ணா, அதான்" என்று சொல்லிக்கொண்டே ஜெயசுதா பீரோவின் முனையில் லுங்கிக் கிழிசலை வைத்து மைதாப் பசையை அப்பினாள்.

ஆதிமூலம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பசை காய்ச்சி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். புளித்து, மேலே ஏடு கட்டி, அதில் ஓர் ஈ மாட்டிக்கொண்டு துடித்தது.

நைனார்பாளையத்திலிருந்து தங்கை வீட்டுக்கு வந்து அவன் இன்னும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கருணாபுரத்தில் ஒற்றை அறை வீடு. கதவு நிலை, அலமாரி விளிம்பு, கட்டில் சட்டம் என்று பார்த்த இடமெல்லாம் அட்டையும் பஞ்சும் கந்தலும் ஒட்டியிருந்தன. பழைய சேலையைக் கயிறாகப் பின்னி, கட்டிலிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டியிருந்தாள்.

"இது இன்னாத்துக்கு? துணி காயப்போடவா?"

"பாப்பா புடிச்சிக்கினு நடக்கத்தான். செல்லுல பாத்தேன். அதுல கலர் கலரா எவ்ளோ அழகா செய்றாங்க தெரியுமா!"

"நீ செஞ்சிருக்கறது குப்பமேடாட்டம் இருக்குது."

பேச்சுக்கு நடுவே ஒன்றரை வயது தமிழ்மொழி, தலை குனியாமலே அந்தக் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். ஓட ஓட மணிச் சத்தம். கவுனின் ஓரத்தில் நாலு மணி வைத்துத் தைத்திருந்தது.

"ஆட்டுக்குட்டிக்குக் கட்டறத புள்ளைக்குக் கட்டியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"எங்க இருக்கான்னு தெரியணுமில்லண்ணா" என்றாள் சுதா, தலையை நிமிர்த்தாமல்.

இவ்வளவுக்கும் அவள் புருஷன் இளவரசன் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான். மச்சான் படியேறியபோது "வாங்க மச்சான்" என்று ஒரு சொல் உதிர்த்ததோடு சரி. எழுந்திருக்கவில்லை. திரும்பக்கூட இல்லை. தாடியில் காலையில் தின்ற இட்லித் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

பாப்பாவுக்குப் பேர் வைத்த அன்றே ஆதிமூலம் சபையில் சொல்லியிருந்தான். "மாப்ள இனிமே ஒரு சொட்டு குடிச்சான்னு காதுல வுழுந்துது, என் தங்கச்சியையும் புள்ளையையும் இட்டுக்கினு போயிடுவேன். அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்." அவன் சொன்னால் சொன்னதுதான்.

போன மாதம் விஷச் சாராயம் இந்தத் தெருவில் வரிசையாகப் பாடை கட்ட வைத்தபோது, பதறிப்போய் போன் போட்டான். "அவருக்குக் காமாலண்ணா, ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். குடிச்சதெல்லாம் இல்ல" என்றாள் சுதா. நம்பினான். களை வெட்டு முடிந்து இன்றைக்குத்தான் வர முடிந்தது.

குடிக்காமலே இந்த லட்சணமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மணிச் சத்தம் நின்றது. குழந்தை அப்பனுக்குப் பக்கத்தில் குந்தி, முக்கி, அங்கேயே போய்விட்டு எழுந்தது. நாற்றம் அறையை நிறைத்தது.

"சுதா, பாப்பா போயிட்டா பாரு" என்றான் இளவரசன். சொல்லிவிட்டு நகர்ந்து உட்காரக் கையை ஊன்றினான். நட்டநடுவே, அதிலேயே.

இளவரசன் பதறவில்லை. ஜமீன்தார் மாதிரி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். சுதா ஓடிவந்து ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

"ஏன் மாப்ள, பெத்த புள்ளையோடத வழிக்க கை வளையாது. அதுலயே ஊன மட்டும் வளையுமா? மனுசனா நீ?"

இளவரசன் டி.வி.யைப் பார்த்துச் சிரித்தான். "பொம்பள வேலைய பொம்பள பாக்குறா மச்சான். ஒங்களுக்கு இன்னா?"

"கெளம்பு சுதா! துணிமணிய எடு. பன்னியும் படுக்காது இந்த எடத்துல. அடுத்த பஸ்சுல போறோம்."

"கத்தாதண்ணா, அக்கம்பக்கம் கேக்கும். ஒன் கால்ல வுழறேன், இந்த ஒரு தடவ வுட்டுடு." அவள் முகம் வெளுத்திருந்தது. "புள்ளைய கழுவிக்கினு வந்துடறேன், அப்புறம் பேசலாம்." குழந்தையை இடுப்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போனாள்.

ஆதிமூலம் தெருவுக்கு வந்து சாக்கடையில் காறிக் காறித் துப்பினான். துப்பியும் தொண்டையில் அந்த நாற்றம் நின்றது. இளவரசனுக்கு ஒரு அறை விட்டுவிட்டுத்தான் தங்கையை இட்டுக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றியது. வெறுங்காலோடு விறுவிறுவென்று உள்ளே வந்தான். டி.வி.யில் சோப்பு விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது.

டி.வி.யை மறைத்துக்கொண்டு இளவரசனுக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் நின்றான். கையை ஓங்கினான்.

இளவரசன் அவன் முகத்தை ஏறிட்டபடி அசையாமல் இருந்தான். இமைகூடத் தட்டவில்லை. அடிடா பார்க்கலாம் என்கிற திமிர். ஆதிமூலத்தின் கை இன்னும் உயரே போனது.

அந்த முகம் மெல்லப் பின்வாசல் பக்கம் சாய்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது:

"சுதா, மச்சான் போயிட்டாரா?"