நிலக்கரிக்கு வராத சொல்

அரிசி ஆலைக் கொதிகலன் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் கட்டி கிடந்தது. அருகிலிருந்த குவியலிலிருந்து நெருப்புக்குப் போன கருவேல விறகுகள் எல்லாம், "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயின. நிலக்கரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பலாகப் போகிறவன் எப்படித் திரும்பி வருவான்?

மிச்சமிருந்த விறகிடம் கேட்டேவிட்டது.

"கிளையத்தானே வெட்டினாங்க, அண்ணே? அடிமரம் அங்கேயே நிக்குது. ரெண்டு மழை பெஞ்சா துளிர்த்துடுவேன்."

"நானும் ஒரு காலத்துல மரந்தான், தம்பி."

"அப்புறமென்ன, நீங்களும் வந்துடுவீங்க! மரம் கரியாக எத்தனை மழை ஆச்சு?"

நிலக்கரி எண்ணிப் பார்த்துக் குழம்பியது. "மண்ணுக்குள்ள போனப்போ மழையை எண்ண மனுஷனே பொறக்கலையே."



அதற்குள் மண்வெட்டி வந்து நிலக்கரியை அள்ளியது.

"சரி தம்பி, நான் போறேன்."

"ஐயோ, போறேன்னு சொல்லாதீங்க அண்ணே! போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க!"

"போயிட்டு..." என்று ஆரம்பித்த நிலக்கரி, நெருப்பின் வாசல்வரை அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டே போனது.